ஹால் பாடும்போது கண் கலங்க: '2001: எ ஸ்பேஸ் ஒடிசி'யை வீட்டில் பார்க்கும் முறை

1968இல் வந்த அறிவியல் புனைகதைப் படமான '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' பற்றி ரசிகர்கள் கூடுமிடத்தில் இரண்டு பேச்சுகள் தவறாமல் வரும். உணர்ச்சியே இல்லாத, உறைந்துபோன படம் என்பார் ஒருவர். ஹால் என்ற கம்ப்யூட்டர் சாகும் காட்சியில் தேம்பி அழுதேன் என்பார் பக்கத்தில் இருப்பவர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் மனித முகங்களில் எதையும் காட்டாமல் இழுத்துப் பிடித்து வைக்கிறார் இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக். பிடித்து வைத்த அத்தனையையும் ஒரே காட்சியில், ஓர் இயந்திரத்தின் குரல் வழியாகத் திறந்துவிடுகிறார். அந்த இடத்துக்குப் பொறுமையோடும் கவனத்தோடும் வந்து சேர்ந்தவருக்குத் தொண்டை அடைக்கும். நடுவில் போனை எடுத்தவருக்கு அது சிவப்பு விளக்கு எரியும் ஓர் அறையில் ஒருவர் எதையோ கழற்றும் காட்சி, அவ்வளவுதான்.

ஆகவே இந்தப் படத்துக்குக் கண் கலங்குவதில் பாதி ரசனை, பாதி ஏற்பாடு. ரசனையை யாரும் சொல்லித்தர முடியாது, ஏற்பாட்டைச் சொல்லலாம். கதை முழுவதும் கீழே வருகிறது. இதுவரை பார்க்காதவர்கள் பிரதி, டிவி, சத்தம் பற்றிய ஏற்பாட்டுப் பகுதியை மட்டும் படித்துவிட்டு, மிச்சத்தைப் படம் முடிந்த பிறகு வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் ஓர் ஆறுதல். இந்தப் படம் போரடிக்கிறது என்று நினைத்தால் நீங்கள் தனி ஆள் இல்லை. 1968 ஏப்ரல் 2 அன்று வாஷிங்டன் அப்டவுன் தியேட்டரில் முதல் காட்சி. தொடக்க நாள்களிலேயே பலர் பாதியில் எழுந்து போனார்கள். குப்ரிக்கும் சும்மா இருக்கவில்லை. முதல் காட்சிகள் முடிந்த கையோடு சுமார் 19 நிமிடங்களை வெட்டி எறிந்தார். இன்று நாம் பார்ப்பது அந்த வெட்டுக்குப் பிந்தைய வடிவம்: படம் மட்டும் 142 நிமிடம், முன்னிசை, இடைவேளை இசை, வெளியேறும் இசை எல்லாம் சேர்த்து 149 நிமிடம். நீங்கள் வாங்கும் அல்லது ஸ்ட்ரீம் செய்யும் பிரதி 149 நிமிடம் காட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். 142 என்று இருந்தால் இசைப் பகுதிகள் போய்விட்டன என்று அர்த்தம். கதைக்கு நஷ்டமில்லை, மனநிலைக்கு நஷ்டம்.

பிரதிகளில் 2018இல் வந்த 4கே டிஸ்க்தான் இன்று வீட்டில் கிடைப்பதில் சிறந்தது. முந்தைய ப்ளூரேயும் மோசமில்லை. டிஸ்க் வசதி இல்லாதவர்கள் ஸ்ட்ரீமிங்கில் பார்க்கலாம், ஆனால் விளம்பரம் குறுக்கிடும் திட்டத்தில் இந்தப் படத்தைத் தொடவே வேண்டாம். வேறு படத்தில் விளம்பரம் எரிச்சலோடு போய்விடும். இங்கே பத்து நிமிடம் சேர்ந்து வந்த மௌனத்தை ஒரு ஷாம்பு விளம்பரம் உடைத்தால், மறுபடி அந்த மௌனத்துக்குள் போக இன்னொரு பத்து நிமிடம் ஆகும். அதற்குள் காட்சி முடிந்திருக்கும்.

டிவியில் மாற்ற வேண்டியவை மூன்று. முதலாவது, மோஷன் ஸ்மூதிங். எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி அல்லது ஆட்டோ மோஷன் பிளஸ் என்ற பெயரில் இருக்கும். அணைத்துவிடுங்கள். படம் வினாடிக்கு 24 ஃபிரேமில் எடுக்கப்பட்டது. டிவி நடுவில் தானாகப் பொய் ஃபிரேம்களைச் செருகினால் விண்கலம் சீரியலில் வரும் பொம்மை போல வழுக்கிக்கொண்டு போகும். இந்தப் படத்தில் கலங்கள் மிக மெதுவாக நகர்வதால் அந்தக் கோளாறு இன்னும் பட்டவர்த்தனமாகத் தெரியும். இரண்டாவது, பிக்சர் மோட். ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அது, இல்லாவிட்டால் சினிமா. கடையில் வைத்திருந்த விவிட் மோடில் விட்டால் ஹாலின் மூளை அறை ரத்தக்களறியாகத் தெரியும். மூன்றாவது, படத்தின் ஓரம். இது 70 எம்எம்மில், 2.20க்கு 1 என்ற விகிதத்தில் எடுக்கப்பட்டது. 55 அங்குல டிவியில் மேலும் கீழும் சுமார் ஆறரை சென்டிமீட்டர் கறுப்புப் பட்டை விழுவதுதான் சரி. பட்டை பிடிக்கவில்லை என்று 'ஜூம்' போட்டால் இரண்டு பக்கமும் வெட்டுப்படும். குப்ரிக் காட்சிகளை நடுக்கோட்டிலிருந்து இரு பக்கமும் அளந்து அடுக்குகிறவர். ஓரத்தை வெட்டினால் அந்த அளவே போச்சு.

உட்காரும் தூரமும் முக்கியம். பெரும்பாலான வீடுகளில் சோபா சுவரோடு ஒட்டி, டிவி எதிர்ச் சுவரில், நடுவில் பத்து அடி. செய்தி பார்க்க அது சரி. இதற்கு 55 அங்குல டிவி என்றால் ஐந்தரை அடி, 43 அங்குலம் என்றால் நாலேகால் அடிக்கு நாற்காலியை இழுத்துப் போடுங்கள். அந்தத் தூரத்தில்தான் திரை உங்கள் பார்வையில் சுமார் 40 பாகை அளவை நிறைக்கும். படம் எடுக்கப்பட்டதே சினிராமா எனும் பிரம்மாண்ட வளைதிரைகளை மனத்தில் வைத்து. அதில் கொஞ்சமாவது நமக்குக் கிடைக்க வேண்டாமா? போனில் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரே ஓர் உதாரணம். உறக்க நிலையில் இருக்கும் மூன்று விஞ்ஞானிகளின் மரணத்தைப் படம் காட்டுவது கணினித் திரையில் ஒளிரும் சில ஆங்கில எழுத்துகளாலும் நேர்கோடாகும் வரைபடங்களாலும் மட்டுமே. அலறல் கிடையாது, துடிப்பு கிடையாது. ஆறரை அங்குலத் திரையில் மூன்று பேர் செத்ததே பலருக்குத் தெரியாமல் போகிறது.

இனி சத்தம். இதில்தான் நம் ஊர் வீடுகளில் காரியம் கெடுகிறது, காரணம் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது. இந்தப் படத்தில் விண்வெளிக்குச் சத்தம் இல்லை. வெடி கிடையாது, எஞ்சின் உறுமல் கிடையாது. ஒன்று இசை இருக்கும், அல்லது ஹெல்மெட்டுக்குள் மூச்சு இருக்கும், அல்லது எதுவுமே இருக்காது. அந்த 'எதுவுமே இல்லாத' சில நொடிகளைச் சீலிங் ஃபேன் நிரப்பிவிட்டால், படத்தின் மிகப் பெரிய ஆயுதம் உங்கள் வீட்டில் வேலை செய்யவில்லை என்று பொருள். ஏசி இருந்தால் அதைக் குறைந்த வேகத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் டேபிள் ஃபேனை ஒதுக்குப்புறமாக வைத்துவிட்டு, நல்ல ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள். தெருச் சத்தம் அடங்கிய பிறகு, இரவு ஒன்பதரை பத்துக்குத் தொடங்குவது உத்தமம்.

டிவியிலோ சவுண்ட்பாரிலோ ஆட்டோ வால்யூம், நைட் மோட் இருந்தால் அணையுங்கள். அவை மெல்லிய ஓசையைத் தூக்கி, பெரிய ஓசையை அமுக்கும். மூச்சும் பேச்சும் இசையும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். அளவு வைக்க ஒரு வழி: படத்தில் சுமார் அரை மணி நேரம் தள்ளி, சிவப்பு நாற்காலிகள் போட்ட விண்நிலையக் கூடத்தில், நிலவுக்குப் போகும் அமெரிக்க அதிகாரி ஃப்ளாய்ட் ரஷ்ய விஞ்ஞானிகளோடு பேசும் இடத்தை முன்கூட்டியே ஓட்டிப் பாருங்கள். அவர்கள் எதிரில் உட்கார்ந்து சாதாரணமாகப் பேசுவது போலக் கேட்டால் அதுதான் அளவு. பிறகு ரிமோட்டைத் தொட வேண்டாம். ஓர் எச்சரிக்கை: நிலவுக் காட்சி முடியும் இடத்தில், சுமார் 54ஆவது நிமிடத்தில், அங்கே தோண்டியெடுத்த மர்மமான கறுப்புக் கல் ஒரு வீறிடலை எழுப்பும். காதைக் குத்தும். அப்படித்தான் அது இருக்க வேண்டும், ஆனால் பக்கத்து அறையில் குழந்தை தூங்கினால் ஹெட்ஃபோனே வழி. முறுக்கு, சிப்ஸ் போன்ற நொறுங்கும் பண்டங்களும் வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லை.

படம் ஓடத் தொடங்கியதும் திரை கறுப்பாகவே இருக்கும், ஏறக்குறைய மூன்று நிமிடம். பின்னணியில் இசையமைப்பாளர் லிகெட்டியின் இசை தேனீக்கூட்டம் போல இரையும். டிவி கெடவில்லை. அந்த மூன்று நிமிடத்தில் விளக்கை அணைத்து, போனை வேறு அறையில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். தியேட்டரில் அது மக்கள் வந்து அமர்வதற்கான நேரம்; வீட்டில் கண் இருட்டுக்குப் பழகுவதற்கான நேரம். தள்ளிவிட்டுப் பார்த்தால் நேரே குரங்கு மனிதர்களிடம் போய் விழுவீர்கள், பாதியில் விட்டுப் போகிறவர்கள் அங்கேதான் அதிகம்.

குரங்கு மனிதர் பகுதி கிட்டத்தட்ட பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஓடும், வசனம் ஒரு சொல்கூட இல்லை. படத்தில் முதல் பேச்சு வருவதே 25 நிமிடம் தாண்டித்தான். 'எப்போது கதை தொடங்கும்' என்று காத்திருப்பதுதான் இங்கே செய்யும் பிழை. காத்திருப்பதை விட்டுவிட்டு இரவுக் காட்சியை மட்டும் கவனியுங்கள்: பாறை இடுக்கில் ஒடுங்கி, தூரத்துச் சிறுத்தை உறுமலைக் கேட்டு விழித்திருக்கும் அந்தக் கண்கள். பயம் என்ற உணர்ச்சியை இந்தப் படம் வெளிப்படையாகக் காட்டும் முதல் இடம் அது. அடுத்த முறை அந்தப் பயம் வரும்போது அதைச் சொல்லப்போவது மனிதன் இல்லை. தலைமைக் குரங்காக நடித்தவர் டான் ரிக்டர் என்ற மௌன நாடகக் கலைஞர். சிறுத்தையின் கண்கள் தீ போல ஒளிர்வது யாரும் திட்டமிட்டது இல்லை. பின்னணிப் பாலைவனம் முன்னிருந்து திரையில் பாய்ச்சப்பட்ட படம், அந்த ஒளி கண்ணில் பட்டுத் திரும்பியது.

எலும்பு மேலே போய்க் கலமாக மாறி, 'ப்ளூ டேன்யூப்' வால்ட்ஸ் தொடங்கும்போது பலருக்குக் காரணமே தெரியாமல் ஓர் ஆனந்தம் வரும். வரட்டும். இதற்கு முன் குப்ரிக் இசையமைப்பாளர் அலெக்ஸ் நார்த்திடம் படத்தின் முதல் பாதிக்கு இசை எழுதி வாங்கியிருந்தார். எடிட்டிங்குக்குத் தற்காலிகமாக வைத்த பழைய இசைத்தட்டுகளே மேல் என்று முடிவு செய்து அதை மொத்தமாக ஒதுக்கினார். நார்த்துக்கு அது தெரியவந்தது படம் பார்க்கப் போன அன்று. கொடுமைதான். ஆனாலும் வால்ட்ஸ் இல்லாத அந்தக் கலத்தை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நிலவுப் பகுதியை வேகமாகக் கடக்கலாம், ஒன்றை மட்டும் மனத்தில் குறித்துக்கொண்டு. ஃப்ளாய்ட் வீடியோ போனில் தன் சிறு மகளோடு பேசுகிறார். பிறந்த நாளுக்கு வர முடியாது என்கிறார், என்ன வேண்டும் என்று கேட்கிறார். முகத்தில் அலுவலக விசாரணைக்கு உள்ள பாவம்தான். அந்தக் குழந்தை குப்ரிக்கின் சொந்த மகள் விவியன். இந்தக் காட்சியைச் 'சும்மா' என்று ஒதுக்கிவிட்டால், பின்னால் வரும் இன்னொரு பிறந்த நாளின் கனம் குறையும்.

அந்த இரண்டாவது பிறந்த நாள், வியாழன் கோளுக்குப் போகும் டிஸ்கவரி கலத்தில். ஹால்தான் அந்தக் கலத்தை நடத்தும் கணினி. விண்வெளி வீரன் ஃபிராங்க் பூல் விளக்கு வெயிலில் படுத்துக்கொண்டு, பெற்றோர் அனுப்பிய வாழ்த்துச் செய்தியைப் பார்க்கிறான். அம்மாவும் அப்பாவும் கேக் வைத்துப் பாடுகிறார்கள். இவன் ஒரு புன்னகைகூடச் செய்யவில்லை. தலையணையைக் கொஞ்சம் உயர்த்தச் சொல்லி ஹாலிடம் கேட்கிறான். செய்தி முடிந்ததும் ஹால் வாழ்த்துச் சொல்கிறது. கலத்துக்குள் அவனை நேரில் வாழ்த்துவது அதுதான். படத்தைக் குளிர்ச்சியானது என்று சொல்பவர்கள் இங்கே சரியாகத்தான் உணர்கிறார்கள், ஆனால் எண்ணெய் தீர்ந்துபோன விளக்குகளுக்கு நடுவே ஒன்று எரிவதைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

ஹால் என்ற பாத்திரத்தை ரசிகர்கள் நேசிப்பதற்கான விதைகள் எல்லாம் இந்த அரை மணி நேரத்தில்தான். மூன்றை விடாதீர்கள்.

பிபிசி பேட்டி முதலாவது. பேட்டி எடுப்பவர் பூலின் சக வீரன் டேவ் போமனிடம், ஹாலுக்கு உண்மையான உணர்ச்சிகள் உண்டா என்று கேட்கிறார். போமன் பட்டும் படாமலும் பதில் சொல்கிறான்: இருப்பது போலத்தான் நடந்துகொள்கிறது, அப்படித்தான் அதை அமைத்திருக்கிறார்கள், உண்மையில் உணர்கிறதா என்பதை யாரும் அடித்துச் சொல்ல முடியாது. அறுபதுகளின் பார்வையாளருக்கு இது வினோதக் கேள்வி. நமக்கோ பேசும் இயந்திரம் பையிலேயே இருக்கிறது, அதனால் இந்தக் கேள்வியைக் காதில் வாங்காமல் கடந்துவிடும் ஆபத்து அதிகம். ஒரு மணி நேரம் கழித்து இந்தக் கேள்விக்குத்தான் உங்கள் தொண்டை பதில் சொல்லப்போகிறது.

இரண்டாவது, செஸ் ஆட்டம். ஹால் பூலைத் தோற்கடிக்கிறது, நல்ல ஆட்டத்துக்கு நன்றியும் சொல்கிறது. பலகையில் உள்ள நிலை 1910இல் ஹாம்பர்கில் நடந்த உண்மையான ஓர் ஆட்டத்திலிருந்து எடுத்தது. ஹால் ராணியின் கட்டத்தைச் சொல்வதில் ஒரு பிசகு இருக்கிறது. பூல் அதைக் கவனிக்காமல் தோல்வியை ஒப்புக்கொள்கிறான். படப்பிடிப்பில் நேர்ந்த தவறா, வேண்டுமென்றே வைத்த முதல் தடயமா என்று செஸ் தெரிந்த ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். தடயம் என்று நம்புவதில் கிடைக்கும் சுகம் பெரிது.

மூன்றாவதுதான் பெரியது. உறக்கத்தில் இருக்கும் சகாக்களைப் போமன் பென்சிலில் வரைந்து வைத்திருக்கிறான். ஹால் பார்க்கலாமா என்று கேட்கிறது. கொஞ்சம் கிட்டே காட்டச் சொல்கிறது. யார் முகம் என்று அடையாளம் சொல்கிறது, கை தேறியிருக்கிறது என்று பாராட்டுகிறது. அந்தக் கலத்தில் ஒருவர் செய்வதை இன்னொருவர் ஆர்வத்தோடு பார்க்கும் ஒரே காட்சி இது. பாராட்டுவது ஹால். பிற்பாடு அந்தச் சகாக்களைக் கொல்வதும் அதே ஹால்.

இந்த இடத்தில் குரலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஹாலின் குரல் கனடா நாடக நடிகர் டக்ளஸ் ரெய்னுடையது. முதலில் மார்ட்டின் பால்சமை வைத்து ஒலிப்பதிவு முடிந்திருந்தது. குப்ரிக்குக்குத் திருப்தி இல்லை. 1960இல் வந்த ஒரு கனடிய வானியல் ஆவணப்படத்தில் வர்ணனை செய்தவர் ரெய்ன், அதைக் கேட்டுத்தான் குப்ரிக் அவரை அழைத்தார், இந்தப் படத்துக்கும் வர்ணனையாளராக. பின்னர் வர்ணனையே வேண்டாம் என்றாகி, அவர் ஹால் ஆனார். ஆவணப்படம் ஓதும் அந்த ஏற்ற இறக்கமில்லாத தொனிதான் ரகசியம். வாழ்த்தும்போதும் அதே தொனி, கதவைத் திறக்க மறுக்கும்போதும் அதே தொனி, கெஞ்சும்போதும் அதே தொனி. நடிகர் அழவில்லை. அதனால் அந்த வேலை நம்மிடம் வந்து சேர்கிறது.

சுமார் ஒரு மணி 28 நிமிடத்தில் இடைவேளை. அதற்கு முந்தைய காட்சியில் போமனும் பூலும் ஹால் கேட்காதபடி ஒரு சிறு கலத்துக்குள் அமர்ந்து, அதன் இணைப்பைத் துண்டிக்கலாம் என்று பேசுகிறார்கள். ஓசை நின்றுவிடும், கண்ணாடி வழியே இரண்டு வாய்கள் மட்டும் மாறி மாறித் தெரியும். ஹால் உதட்டைப் படிக்கிறது. இங்கே நிறுத்தி, ஐந்து நிமிடம் எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள். கூட இருப்பவரிடம் கதை விளக்கம் மட்டும் வேண்டாம். 'அது ஏன் அப்படிச் செய்தது' என்ற குழப்பம் கலையாமல் இருப்பது அடுத்த பகுதிக்கு நல்லது.

அடுத்த இருபது நிமிடம் வேகமாகப் போகும். ஹாலால் தாக்கப்பட்ட பூல் விண்வெளியில் துடிப்பது முழு மௌனத்தில். போமன் அவன் உடலைச் சிறு கலத்தின் இயந்திரக் கைகளில் ஏந்திக்கொண்டு திரும்புகிறான். கதவைத் திறக்க ஹால் மறுக்கிறது. உள்ளே நுழைய வேறு வழியில்லாமல் அந்த உடலைக் கைவிடுகிறான். ஹெல்மெட் இல்லாமல் அவசர வாசலுக்குள் பாய்கிறான். காற்று நிரம்பும் வரை ஒரு சத்தமும் இல்லை. ஃபேனை அணைக்கச் சொன்னது இந்த நொடிகளுக்காகத்தான். பிறகு அவன் நடப்பதைக் கவனியுங்கள்: சிவப்பு உடை, பச்சை ஹெல்மெட். தன்னுடையது இல்லாததால் கிடைத்ததை மாட்டியிருக்கிறான். அந்தப் பொருந்தாத நிறம் அவன் கோபத்தை வசனத்தைவிட நன்றாகச் சொல்கிறது.

மூளை அறைக் காட்சி ஐந்தாறு நிமிடம். பின்னணி இசை அறவே கிடையாது. காற்றுக் கசிவது போன்ற ஒரு சீறல், போமனின் மூச்சு, ஹாலின் குரல், மூன்றே ஒலிகள். போமன் ஒரு சாவியால் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துகிறான். அவை அவசரமில்லாமல் மெல்ல வெளியே நழுவி வருகின்றன. ஹால் முதலில் அதிகாரி போலப் பேசுகிறது, என்ன செய்கிறாய் என்று விளக்கம் கேட்கிறது. அடுத்து மருத்துவர் போல, அமைதியாக உட்கார்ந்து ஒரு மாத்திரை போட்டுக்கொள் என்கிறது. அடுத்து, தவறு செய்துவிட்டேன், இப்போது சரியாகிவிட்டேன் என்கிறது. எதுவும் பலிக்கவில்லை. நிறுத்து, நிறுத்து என்று கெஞ்சுகிறது. பிறகு பயமாக இருக்கிறது என்கிறது. தன் மனம் போய்க்கொண்டிருப்பதை உணர முடிகிறது என்று, சொன்னதையே சொல்கிறது.

ஏன் இங்கே நெஞ்சு உடைகிறது? கொலைகாரனுக்காக அழுகிறோமே என்ற குற்ற உணர்வு சிலருக்கு வரும். காரணம் வரிசையில் இருக்கிறது. ஹால் இழப்பது உயிரை ஒரே வெட்டாக இல்லை. பின்னோக்கி, வயதைக் கழற்றிக் கழற்றி. அதிகாரம் போகிறது, தந்திரம் போகிறது, சொற்கள் சுருங்குகின்றன, கடைசியில் முதல் நாள் பாடம் மட்டும் மிஞ்சுகிறது. இல்லினாயின் அர்பானாவில் 1992 ஜனவரி 12 அன்று தான் இயங்கத் தொடங்கியதையும், லாங்லி என்ற ஆசிரியர் ஒரு பாட்டுச் சொல்லிக்கொடுத்ததையும் புதிதாக அறிமுகமாகும் பிள்ளை போலச் சொல்கிறது. வீட்டில் ஞாபக மறதி நோயில் ஒரு பெரியவரைப் பார்த்துக்கொண்டவர்கள் இந்தக் காட்சியில் மற்றவர்களைவிட முன்னதாகவே உடைந்துபோவார்கள். அப்படி ஒருவர் உங்களோடு உட்கார்ந்து பார்க்கிறார் என்றால் முன்கூட்டியே சொல்லிவைப்பது மரியாதை.

போமன் அந்தப் பாட்டைப் பாடச் சொல்கிறான். கொல்லப்போகிறவன், கேட்க ஆசைப்படுகிறேன், பாடு என்கிறான். அவன் குரல் மெல்ல உடைவது அங்கேதான். இத்தனை நேரம் மரக்கட்டையாக இருந்த மனிதன் திரும்ப மனிதனாவதும் அங்கேதான். ஹால் 'டெய்சி பெல்' பாடத் தொடங்குகிறது. குரல் தாழ்ந்து, நீண்டு, அடியாழத்துக்கு இறங்கி நிற்கிறது. பாட்டின் தேர்வுக்குப் பின்னால் ஒரு வரலாறு. 1961இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஒரு ஐபிஎம் கணினியைப் பாடவைத்தபோது, அது பாடியது இதே 1892ஆம் ஆண்டுப் பாட்டைத்தான். கதையைக் குப்ரிக்கோடு சேர்ந்து எழுதிய ஆர்தர் சி. கிளார்க் அந்த ஆய்வகத்துக்குப் போனபோது அதைக் கேட்டிருந்தார். உண்மையில் முதன்முதலாகப் பாடிய கணினியின் பாட்டு, படத்தில் சாகும் கணினியின் வாயில் வைக்கப்பட்டது. இதை அறிந்த பிறகு பார்த்தால் காட்சியின் கனம் இன்னொரு மடங்கு.

ஒரே ஒரு தடங்கல்: பாட்டு நின்ற மறுநொடி, ஃப்ளாய்டின் பதிவு செய்த வீடியோ தானாக ஓடத் தொடங்கும். அழ இடம் கொடுக்காமல் குப்ரிக் வெட்டிவிடுகிறார். பயணத்தின் உண்மையான நோக்கம் கலத்தில் ஹாலுக்கு மட்டுமே தெரிந்திருந்தது என்ற தகவல் அந்தச் செய்தியில்தான் வருகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பவர்கள் இதைத் தவறவிட்டு, பிறகு 'ஹாலுக்குப் பைத்தியம் பிடித்தது' என்று எழுதுகிறார்கள். கண்ணீர் வந்தால் இங்கே நிறுத்தி, அடங்கியதும் அரை நிமிடம் பின்னால் போய்த் தொடருங்கள். படத்தை இடைநிறுத்த நான் பரிந்துரைக்கும் இடம், இடைவேளையைத் தவிர, இது ஒன்றுதான்.

தன் முகத்தைப் படம்பிடித்து ரியாக்‌ஷன் வீடியோ போடுகிறவர்களுக்கும் ஒரு சொல். இந்தக் காட்சியில் பெரும்பாலான வீடியோக்களில் நடப்பது, மௌனம் தாங்காமல் அவர்களே பேசத் தொடங்குவது. போமனின் மூச்சுக்கு மேல் தன் குரலை ஏற்றிய பிறகு அழுகை வராது. வந்தாலும் அது கேமராவுக்கானது. முதல் முறை கேமரா இல்லாமல் பாருங்கள்.

கடைசிப் பகுதியில் வசனம் இல்லை. வண்ணங்கள் பாயும் ஸ்டார்கேட் (நட்சத்திர வாசல்) பத்து நிமிடத்தைச் சிறப்புக் காட்சிக் கலைஞர் டக்ளஸ் டிரம்பல் ஸ்லிட்-ஸ்கேன் முறையில் செய்தார்: குறுகிய பிளவுக்குப் பின்னால் ஓவியம் நகர, கேமரா அதை நோக்கி நகர, ஒவ்வொரு ஃபிரேமும் நீண்ட நேரம் ஒளி வாங்கியது. தியேட்டரில் அது உங்களை விழுங்கும். வீட்டில், நேர்மையாகச் சொன்னால், நீளம். ஹாலுக்காகக் கலங்கிய மனம் அந்த நேரத்தில் களைத்துப்போயிருக்கும்; சொக்கினால் வெட்கப்பட வேண்டாம். வெண்ணிறத் தரை ஒளிரும் படுக்கையறை வந்ததும் நிமிர்ந்து உட்காருங்கள், அதுபோதும். போமன் மாறிப் பிறந்த நட்சத்திரக் குழந்தை திரும்பி நம்மைப் பார்க்கும்போது சிலருக்கு மயிர்க்கூச்செறியும், சிலருக்கு 'என்ன இது' என்றிருக்கும். பெயர்கள் முடிந்த பிறகும் வால்ட்ஸ் சில நிமிடம் ஓடும். விளக்கைப் போடாமல் அதுவரை இருங்கள். உடனே 'முடிவு விளக்கம்' என்று தேடுவதைக் காலை வரை தள்ளிப்போடுங்கள். பத்து நிமிட விளக்க வீடியோ ஒன்று போதும், இரண்டரை மணி நேரம் உள்ளே இறங்கியதை மேலே இழுத்துவிடும்.

இரண்டாம் முறை பார்க்கும்போது கண்ணீர் வரும் இடம் முன்னால் நகர்ந்துவிடும், போமன் வரைந்த படங்களை ஹால் பார்க்கும் காட்சிக்கு. பாராட்டிய கையோடு ஹால், இந்தப் பயணத்தைப் பற்றிச் சந்தேகம் உண்டா என்று போமனிடம் தயங்கித் தயங்கிக் கேட்கிறது. ரகசியத்தைத் தனியாகச் சுமக்கும் ஒருவர் பகிர்ந்துகொள்ள ஆள் தேடுவது போல. போமன் அதை உளவியல் அறிக்கைக்கான சோதனை என்று எடுத்துக்கொண்டு தட்டிக்கழிக்கிறான். அடுத்த கணமே ஆன்டெனா பாகம் 72 மணி நேரத்தில் பழுதாகும் என்று ஹால் அறிவிக்கிறது. அவன் வேறு பதில் சொல்லியிருந்தால் என்ற கேள்வி முதல் பார்வையில் எழாது.

பிறருக்குக் காட்ட விரும்பினால், ஒரே நேரத்தில் ஒருவருக்குக் காட்டுங்கள். நாலு பேர் கூடினால் குரங்குக் காட்சியில் ஒருவர் ஜோக் அடிப்பார், மற்றவர்கள் சிரிப்பார்கள், அத்தோடு ஹாலும் ஜோக்காகிவிடும். சொல்ல வேண்டியது இரண்டே: முதல் 25 நிமிடம் யாரும் பேச மாட்டார்கள், நடுவில் இடைவேளை உண்டு. 'நீ கண்டிப்பாக அழுவாய்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். எதிர்பார்த்துக் காத்திருப்பவருக்கு அது வராது.

இதே கதையைக் கிளார்க் எழுதிய நாவலைப் படத்துக்குப் பிறகு படியுங்கள். கிளார்க் எல்லாவற்றையும் தெளிவாக விளக்கிவிடுவார், முன்னால் படித்தால் மர்மம் போய்விடும். 1956 முதல் இலங்கையில் குடியிருந்த கிளார்க்குக்கு 1964இல் குப்ரிக் எழுதிய கடிதத்தில்தான் இத்தனையும் தொடங்கியது. நாவலில் ஹாலின் ஆசிரியர் லாங்லி இல்லை, டாக்டர் சந்திரா. 1982இல் வந்த தொடர் நாவலான '2010'இல் அவருடைய முழுப்பெயர் வருகிறது: சிவசுப்ரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. ஹால் ஏன் அப்படி நடந்துகொண்டது என்பதற்கு அவர் சொல்லும் விடை, மறைக்கச் சொன்ன கட்டளைக்கும் மறைக்காமல் தகவல் தரப் படைக்கப்பட்ட இயல்புக்கும் இடையே அது மாட்டிக்கொண்டது என்பது. 1984இல் அது படமாகவும் வந்தது. சாதாரணமான, விறுவிறுப்பான படம், ஹாலின் குரல் மறுபடி ரெய்ன்தான். முதல் படம் பார்த்து ஒரு வாரமாவது போன பிறகு அதைப் போடுங்கள். ஹாலை மீண்டும் எழுப்பும் காட்சி அதில் இருக்கிறது, அதற்கும் ஃபேனை அணைக்கலாம்.